புதுச்சேரி ஆபீஸ், கடலூர் குடோன்: இரண்டையும் இணைக்க எந்த லைன்?

புதுச்சேரியில் ஆபீஸ், கடலூரில் குடோன். அல்லது திருப்பாதிரிப்புலியூரில் கடை, முதலியார்பேட்டையில் கிளை. இப்படி இரண்டு ஊரிலும் கால் வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் இங்கே நிறைய. சாலையில் சுமார் 25 கிலோமீட்டர்தான், ஆனால் கணக்கில் இது இரண்டு மாநிலம். ஜிஎஸ்டியில் மாநிலக் குறியீடு புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு எல்லை தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) வேண்டும், அதைப் போட நெட் வேண்டும். நெட் இல்லையென்றால் ஏற்றிய வண்டி குடோன் வாசலிலேயே நிற்கும். மின்சாரமும் வேறு வேறு: அங்கே புதுச்சேரி அரசின் மின்துறை, இங்கே தமிழ்நாடு மின்வாரியம். தொலைபேசிக் குறியீடும் 0413, 04142 என்று பிரிகிறது. தொலைத்தொடர்பு உரிமத்தில் மட்டும் புதுச்சேரி தமிழ்நாடு வட்டத்துக்குள்ளேயே வருகிறது.

ஒப்பிடுவதற்கு ஒரு மருந்து மொத்த வியாபார நிறுவனத்தை மனதில் வைத்துக்கொள்வோம். புதுச்சேரியில் பதினைந்து பேர், கடலூரில் ஆறு பேர். டாலி என்ற கணக்கு மென்பொருளின் சர்வர் புதுச்சேரியில் இருக்கிறது. கடலூர் ஆட்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது நெட் வழியாக அந்த சர்வருக்குள், நுழைந்து பில் போடுகிறார்கள். ஒரு பழைய ஈபிஏபிஎக்ஸ் (ஆபீஸ் ஃபோன்களை இணைக்கும் பெட்டி), இரண்டு இடத்திலும் கேமராக்கள், மும்முரமான நேரத்தில் ஒரே சமயம் பத்து அழைப்புகள். இந்த முதலாளி விசாரித்தால் ஃபோனுக்குப் பிஆர்ஐ (ஒரே லைனில் முப்பது அழைப்பு) என்பார்கள், எஸ்ஐபி ட்ரங்க் (இணைய முறையில் அழைப்பு) என்பார்கள். ஆபீஸ்களை இணைக்க எம்பிஎல்எஸ் (தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்புக்குள் ஒரு தனிப் பாதை), லீஸ்டு லைன் (ஒருவருக்கே ஒதுக்கிய லைன்), ஃபைபர் பிராட்பேண்ட் மேல் விபிஎன் (பொது இணையத்துக்குள் பூட்டிய பாதை), எஸ்டி-வான் (பல லைன்களை மென்பொருளே ஆளும் முறை) என்று ஆளுக்கொரு கோட்டேஷன் வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவு நிறுவனத்துக்கு, வெவ்வேறு வழியாக வரும் இரண்டு சாதாரண ஃபைபர் இணைப்பு, அவற்றின் மேல் சொந்த விபிஎன், ஃபோனுக்கு எஸ்ஐபி ட்ரங்க். இதுதான் சரி. லீஸ்டு லைன் சிலருக்கு அவசியம். அவர்கள் யார் என்று பின்னால் சொல்கிறேன். புதிதாகப் பிஆர்ஐயும் எம்பிஎல்எஸ்ஸும் வாங்க வேண்டாம். ஏன் என்று புரிய, இவை ஒவ்வொன்றும் எந்தக் காலத்தில் எதற்காக வந்தன என்று பார்க்க வேண்டும். எல்லாமே ஒரே கேள்விக்கு வந்த பதில்கள்: பாதையை ஒருவருக்கே ஒதுக்கி வைப்பதா, பலர் பங்கு போட்டுக்கொள்வதா?

பிஆர்ஐ எங்கிருந்து வந்தது

குரலை எண்களாக மாற்றி அனுப்பும் முறையை 1937இல் அலெக் ரீவ்ஸ் வகுத்தார். அதைச் செய்யும் கருவிகள் கட்டுப்படியான விலைக்கு வர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. தொலைபேசியில் போகும் குரலின் அலைவரிசை 4,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும். அதைச் சரியாகப் பிடிக்க விநாடிக்கு அதன் இரு மடங்கு, அதாவது 8,000 முறை அளக்க வேண்டும். ஒவ்வொரு அளவும் 8 பிட். பெருக்கினால் விநாடிக்கு 64,000 பிட், அதாவது 64 கேபிபிஎஸ். டிஜிட்டல் தொலைபேசி உலகம் முழுக்க இந்த 64 கேபிபிஎஸ் மேல்தான் கட்டப்பட்டது.

1962இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் இப்படி 24 குரல்களை ஒரே கம்பி வழியில் அடுக்கி அனுப்பியது. ஐரோப்பா 32 இடம் வைத்துக்கொண்டது. 64ஐ 32ஆல் பெருக்கினால் 2,048 கேபிபிஎஸ். அதற்கு இ1 என்று பெயர். இந்தியா எடுத்துக்கொண்டதும் இதைத்தான். 32 இடத்தில் ஒன்று நேரம் ஒத்துப்போக, ஒன்று யார் யாரை அழைக்கிறார் என்ற தகவலுக்கு, மீதி 30 பேச்சுக்கு. இன்றைக்கும் கோட்டேஷனில் '30 சேனல் பிஆர்ஐ' என்று வருவது அந்த முப்பதுதான்.

பிஆர்ஐயின் பலம் பெரியது. அழைப்பு இணைந்த நொடியிலிருந்து வைக்கும் வரை அந்த 64 கேபிபிஎஸ் உங்களுக்கே. எதிரில் இருப்பவர் பேசாமல் மூச்சு விட்டாலும் அந்த இடம் காத்திருக்கும். குரல் வெட்டுப்படாது, தாமதம் கூடிக் குறையாது. எஸ்ஐபிக்கு மாறிய பலர் 'பழைய லைன் மாதிரி இல்லையே' என்று குறைப்பட்டால், அதில் உண்மை இருக்கிறது.

பலவீனமும் அதே இடத்தில்தான். பத்து அழைப்பு போதும் என்கிறவரும் முப்பது சேனலுக்கான கருவியைச் சுமக்க வேண்டும். முப்பத்தொன்றாவது அழைப்பு வந்தால் என்கேஜ்டு. கடலூருக்கும் ஃபோன் வேண்டுமென்றால் அங்கே தனி லைன். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் இந்தத் தொழில்நுட்பத்துக்கே வயதாகிவிட்டது. பிரிட்டனில் பிடி என்ற தொலைபேசி நிறுவனம் 2023 செப்டம்பரோடு ஐஎஸ்டிஎன் (பிஆர்ஐ இதன் ஒரு வகை) விற்பனையை நிறுத்திவிட்டது. 2027 ஜனவரிக்குள் பழைய வலையமைப்பையே மூடுவதாக அறிவித்திருக்கிறது. உலகம் கைவிடும் கருவிக்கு இன்னும் சில வருடத்தில் கார்டு கிடைக்காது, ரிப்பேர் தெரிந்த ஆளும் கிடைக்கமாட்டார். ஏற்கெனவே பிஆர்ஐ ஓடிக்கொண்டிருந்தால் ஒப்பந்தம் முடியும் வரை ஓடட்டும். புதிதாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

செம்புக் கம்பி லைன் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த ஃபோனுக்கான மின்சாரம் 48 வோல்ட், எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் டயல் டோன் இருக்கும். ஃபைபரில் ஒளி வரும், கரண்ட் வராது. உங்கள் இடத்தில் இருக்கும் பெட்டிக்கு நீங்கள்தான் மின்சாரம் தர வேண்டும். ஃபைபருக்கு மாறுகிற எல்லோரும் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும், நம் கடற்கரையில் இன்னும் அதிகமாக.

எஸ்ஐபி ட்ரங்க்

எஸ்ஐபி என்பது இணைய முறையில் அழைப்பை இணைத்து வைக்கும் நெறிமுறை. முதல் வடிவம் 1999இல், இன்று புழங்கும் வடிவம் 2002இல் வந்தது. குரல் பழைய 64 கேபிபிஎஸ்தான். அதை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி ஒட்டி, விநாடிக்கு 50 பாக்கெட்டாக அனுப்புகிறார்கள். முகவரிச் சுமை சேர்ந்து ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ் ஆகிறது. பத்து அழைப்புக்கு 1 எம்பிபிஎஸ்கூட ஆகவில்லை. 'ஃபோனுக்காக 200 எம்பிபிஎஸ் லைன் எடுங்கள்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அப்படியானால் குரல் ஏன் வெட்டுப்படுகிறது? பாக்கெட்டுகள் சீராக வந்து சேராததால். இது பெரும்பாலும் உங்கள் ஆபீசின் அப்லோடு வாசலிலேயே நடக்கிறது. டாலி பேக்கப் மேகத்துக்கு ஏறும்போதோ, கேமராப் படத்தை முதலாளி வீட்டிலிருந்து பார்க்கும்போதோ, அந்தப் பெரிய பாக்கெட்டுகளின் பின்னால் குரல் பாக்கெட் வரிசையில் நிற்கிறது. மருந்து எளிது. ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்து, மொத்த அப்லோடை லைனின் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே கட்டிவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் லைனை மட்டும் பெரிதாக்கினால் காசுதான் போகும்.

தாமதத்துக்கும் ஒரு அளவுகோல் உண்டு. ஒரு பக்கப் பயணம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பேச்சில் தெரியாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல். ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு அது ஒரு மில்லிவிநாடியில் எட்டில் ஒரு பங்கு. இரு முனையும் வெவ்வேறு நிறுவனமாக இருந்து பாக்கெட் சென்னை போய்த் திரும்பினாலும் பயணத்துக்கே ஆகும் நேரம் ஓரிரு மில்லிவிநாடிதான். ஆக, தூரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். செயற்கைக்கோள் விசாட் மட்டும் வேறு கதை. 35,786 கிலோமீட்டர் மேலே போய் இறங்குவதால் ஒரு பக்கமே சுமார் கால் விநாடி ஆகிறது; பேச்சுக்கு உதவாது.

எஸ்ஐபி ட்ரங்க்கை உரிமம் பெற்ற நிறுவனத்திடம் மட்டும் வாங்குங்கள். மலிவு என்று எங்கிருந்தோ ஒரு இணைய அழைப்புக் கணக்கை வாங்கி, உரிமம் இல்லாத பெட்டி வைத்து உள்ளூர்த் தொலைபேசிகளில் இறக்கிவிடுவது சட்டப்படி குற்றம். ஃபேக்ஸ், தீ எச்சரிக்கைக் கருவி, லிஃப்ட்டுக்குள் இருக்கும் ஃபோன் இவை பழைய லைனில் தொங்கிக்கொண்டிருந்தால், மாற்றுவதற்கு முன் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஆபீஸ்களை இணைப்பது

தரவு வலையமைப்பின் கதை குரலுக்கு நேரெதிராகப் போனது. 1976இல் வந்த எக்ஸ்.25 முறை கம்பியை நம்பவில்லை. இரைச்சல் மிகுந்த செம்பு என்பதால் ஒவ்வொரு நிலையத்திலும் பிழை பார்த்து, தப்பாக வந்ததைத் திரும்பக் கேட்டது. மெதுவாக இருந்தாலும் பத்திரம். ஃபைபர் பரவிய பிறகு பிழை குறைந்துபோனது. அந்தச் சோதனையைக் கழற்றிவிட்டு, அடுத்த முறையான ஃபிரேம் ரிலே வேகமானது. அப்புறம் குரலையும் தரவையும் ஒரே பாதையில் ஏற்ற ஏடிஎம் என்ற முறை வந்தது (பணம் எடுக்கும் ஏடிஎம் அல்ல). எல்லாவற்றையும் 53 பைட் துண்டுகளாக வெட்டினார்கள்: 48 பைட் சரக்கு, 5 பைட் முகவரி. அமெரிக்கத் தரப்பு 64 கேட்டது. பிரான்ஸ், நாட்டுக்குள் அழைப்பில் எதிரொலி நீக்கும் கருவி தேவைப்படாமல் இருக்க, 32தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. நடுவில் பிரித்ததுதான் 48. பொறியியல் காரணம் வேறு எதுவும் இல்லை.

ஏடிஎம்முக்கு அடுத்தது எம்பிஎல்எஸ், அடிப்படை ஆவணம் 2001. பாக்கெட்டின் மேல் ஒரு சிறு முத்திரை ஒட்டி, நிறுவனத்தின் சொந்த வலையமைப்புக்குள்ளேயே வாடிக்கையாளர்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டுகிறார்கள். குரலுக்கு முன்னுரிமை கேட்டால் வழி முழுக்க மதிப்பார்கள். வங்கிக் கிளைகளுக்கும் பணம் எடுக்கும் ஏடிஎம் மையங்களுக்கும் பல ஆண்டுகளாக இதுதான் முதுகெலும்பு, அவர்களுக்கு அது நியாயமும்கூட. ஆனால் விற்பவர்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று: எம்பிஎல்எஸ் தன்னளவில் எதையும் பூட்டி அனுப்புவதில்லை. மற்றவரிடமிருந்து பிரிக்கிறது, அவ்வளவுதான். ரகசியம் வேண்டுமென்றால் அதன் மேலும் விபிஎன் போட வேண்டும். இரண்டே ஆபீஸ் வைத்திருப்பவர், பூட்டாத பாதைக்குப் பல மடங்கு வாடகை கொடுத்து, ஒரே நிறுவனத்தின் கையில் முழுக்க மாட்டிக்கொள்ள எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

லீஸ்டு லைனுக்கு மரியாதை உண்டு. 50 எம்பிபிஎஸ் என்றால் ஏறவும் 50, இறங்கவும் 50, நாள் முழுக்க. பிராட்பேண்ட் ஃபைபர் அப்படியில்லை. இங்கே பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஒரு ஃபைபரின் 2.488 ஜிபிபிஎஸ் இறக்கமும் 1.244 ஜிபிபிஎஸ் ஏற்றமும், தெருவில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் வழியாக 32 அல்லது 64 பேருக்குப் பிரிகிறது. ராத்திரி எல்லோரும் படம் பார்க்கும்போது மெதுவாகும். ஆனால் நம் மருந்து வியாபாரிக்கு வேலை பகலில். ரிமோட் டெஸ்க்டாப்பில் ஆறு பேர் பில் போட மிகக் கொஞ்சமே போதும். அவருக்கு வேகத்தில் பஞ்சமில்லை, லைன் விழாமல் இருப்பதுதான் முக்கியம்.

அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். 99.5 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கும் ஒற்றை லைன், மாதத்தின் 720 மணி நேரத்தில் 3.6 மணி நேரம் விழுந்துகிடக்கலாம். அப்போதும் ஒப்பந்தம் மீறப்படவில்லை. எந்த உத்தரவாதமும் இல்லாத பிராட்பேண்டை 99 சதவீதம் என்று வைப்போம், மாதம் 7.2 மணி நேரம் இருக்காது. அப்படிப்பட்ட இரண்டு லைன், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் விழும் என்றால், இரண்டும் சேர்ந்து விழும் நேரம் 1 சதவீதத்தின் 1 சதவீதம், அதாவது மாதத்துக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். உத்தரவாதமுள்ள ஒன்றை விட உத்தரவாதமில்லாத இரண்டு மேல். என் பரிந்துரை நிற்பது இந்தக் கணக்கின் மேல்தான்.

ஆனால் 'ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல்' என்பதை நீங்கள்தான் உறுதி செய்ய வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு பெயர்ப் பலகை, இரண்டு பில். கடைசியில் இரண்டு கேபிளும் ஒரே கம்பத்திலிருந்து இறங்கும். பல நிறுவனங்களின் கடைசிக் கிலோமீட்டரை உள்ளூர்க் கேபிள் ஆட்கள்தான் இழுத்துக் கொடுக்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு கம்பெனிக்கும் வேலை பார்ப்பது உண்டு. சாலை நான்கு வழியாகிறது, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டுகிறார்கள், ஒரு ஜேசிபி வாளி போதும். அதனால் லைன் எடுக்கும் முன் கேபிள் எந்தத் தெரு வழியாக வருகிறது, தரைக்கு அடியிலா கம்பத்திலா என்று நின்று பாருங்கள். ஒன்று தரைக்கு அடியிலும் மற்றது கம்பத்திலும் வருவது நல்ல ஜோடி. புயல் கம்பத்தைச் சாய்க்கும், ஜேசிபி தரையைத் தோண்டும். இரண்டும் ஒரே நாளில் நடப்பது அபூர்வம்.

புயல்

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் இந்த இரண்டு ஊருக்கும் இடையில்தான் கரையேறியது. கடலூர் மாவட்டத்தில் சாய்ந்த கம்பங்களை நிறுத்தி எல்லா இடத்துக்கும் கரண்ட் கொடுக்க நாள் கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்து தென்பெண்ணை பொங்கிக் கடலூர்ப் பக்கம் மூழ்கியது. இப்படிப்பட்ட நாளில் நான் மேலே சொன்ன பெருக்கல் கணக்கு செல்லாது, எல்லாமே ஒன்றாக விழும். லீஸ்டு லைனும் விழும், எம்பிஎல்எஸ்ஸும் விழும். எவ்வளவு காசு கொடுத்தாலும் புயலுக்கு விலக்கு கிடையாது.

அந்த நாட்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். ரூட்டரில் ஒரு சிம். இரண்டு ஃபைபரும் எந்த நிறுவனங்களுடையவோ அவை அல்லாத மூன்றாவது நிறுவனத்தின் சிம். மொபைல் கோபுரத்தின் பேட்டரியும் டீசலும் தீரும் வரை அது ஓடும். ஃபைபர் பெட்டி, ரூட்டர், ஈபிஏபிஎக்ஸ் மூன்றுக்கும் மட்டும் தனி யூபிஎஸ் வையுங்கள். கம்ப்யூட்டர்களின் யூபிஎஸ்ஸோடு சேர்க்காதீர்கள். இந்த மூன்றும் குடிக்கும் மின்சாரம் கொஞ்சம் என்பதால் நல்ல பேட்டரி போட்டால் பல மணி நேரம் தாங்கும். பெட்டிகளைத் தரையிலிருந்து மேலே, தலை உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். கடலூர் குடோனுக்கு இது கட்டாயம். எஸ்ஐபி ட்ரங்க் கொடுப்பவரிடம், லைன் விழுந்தால் அழைப்பைத் தானாக இரண்டு மொபைல் எண்களுக்குத் திருப்பிவிடச் சொல்லி எழுதி வாங்குங்கள். அழைப்பு நிறுவனத்தின் மையத்திலேயே திரும்பிவிடுவதால், உங்கள் ஆபீஸ் முழுக்க இருட்டில் இருந்தாலும் ஃபோன் அடிக்கும். எஸ்ஐபிக்கு மாற இந்த ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

யாருக்கு எது

இரண்டு மூன்று பேர் இருக்கும் கடைக்கு ஒரு ஃபைபர், ஒரு சிம். வேறெதுவும் வேண்டாம்.

நம் மருந்து வியாபாரி போன்றவர்களுக்கு ஒவ்வொரு ஊரிலும் இரண்டு ஃபைபர். முதன்மை லைன் இரண்டு ஊரிலும் ஒரே நிறுவனமாக இருக்கட்டும், மாற்று லைன் இரண்டு ஊரிலும் வேறொரு நிறுவனமாக இருக்கட்டும். பாக்கெட் அந்தந்த வலையமைப்புக்குள்ளேயே சுற்றும். புதுச்சேரி முனையில் இரண்டு லைனுக்கும் நிலையான பொது ஐபி (இணையத்தில் உங்களுக்கே உரிய, மாறாத முகவரி) கேட்டு வாங்க வேண்டும். சாதாரண பிராட்பேண்டில் பலருக்குச் சேர்த்து ஒரே முகவரியைப் பகிர்ந்து கொடுப்பதால் வெளியிலிருந்து யாரும் உங்கள் ரூட்டரைத் தட்ட முடியாது. புதுச்சேரிக்கு நிலையான முகவரி இருந்தால் போதும், கடலூர் ரூட்டர் தானே அழைத்து இணைந்துகொள்ளும். விபிஎன்னுக்கு ஐபிசெக் அல்லது வயர்கார்டு, எது உங்கள் ரூட்டரில் இருக்கிறதோ அது. இரண்டும் போகும் தகவலைப் பூட்டித்தான் அனுப்புகின்றன.

எஸ்டி-வான் கெட்ட பொருளல்ல. இரண்டு லைனையும் ஒரே நேரத்தில் அளந்துகொண்டே இருந்து, ஒன்று மோசமானால் நடந்துகொண்டிருக்கும் அழைப்பை அறுக்காமல் மற்றதற்கு மாற்றும். சாதாரண இரட்டை லைன் ரூட்டரில் மாறும் நொடியில் பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு அறுந்துபோகலாம், மறுபடி போட வேண்டியிருக்கும். இரண்டு ஆபீசுக்கு அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். விழுப்புரம், சிதம்பரம், நெய்வேலி என்று கிளைகள் எட்டு பத்தைத் தொட்டால் எஸ்டி-வான் வாங்குங்கள். ஒவ்வொரு ரூட்டராகப் போய் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

லீஸ்டு லைன் யாருக்கு? அழைப்பே தொழிலாக இருப்பவர்களுக்கு, பெரிய ஸ்கேன் படங்களை நேரத்துக்குள் மேலேற்ற வேண்டிய மருத்துவமனைகளுக்கு, வெளியிலிருந்து வாடிக்கையாளர்கள் நுழையும் சர்வரைத் தன் ஆபீசிலேயே வைத்திருப்பவர்களுக்கு. அவர்களும் தலைமை இடத்தில் ஒன்று எடுத்தால் போதும், அதற்குத் துணையாக ஒரு பிராட்பேண்ட். எடுக்கும்போது பழுது நீக்க எத்தனை மணி நேரம், தாமதித்தால் வாடகையில் எவ்வளவு கழிவு என்று இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக எண். மொபைல் எண்ணை நிறுவனம் மாற்றி எடுத்துப்போகலாம். தரைவழி எண்ணுக்கு இந்தியாவில் அந்த வசதி இல்லை. இருபது வருடமாக அட்டைப்பெட்டியிலும் பில்லிலும் அச்சாகி, மருந்துக் கடைக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் 0413 எண்ணைச் சரண்டர் செய்துவிட்டால் போனதுதான். அதனால் முதலில் அந்த எண் எந்த நிறுவனத்துடையதோ அவர்களிடமே, அதே எண்ணை ஃபைபருக்கோ எஸ்ஐபிக்கோ மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் பழைய லைனைக் குறைந்த வாடகைத் திட்டத்தில் வைத்துக்கொண்டு புதிய எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். புதிய பில்களில் புதிய எண்ணை அச்சடியுங்கள். பழைய எண்ணில் அழைப்பு வருவது ஓய்ந்த பிறகு சரண்டர் செய்யலாம்.

எல்லாம் மாட்டி முடிந்ததும், மாட்டியவருக்கு மீதிப் பணம் கொடுக்கும் முன், மும்முரமான வேலை நேரத்தில் முதன்மை ஃபைபரைக் கையால் பிடுங்குங்கள். கடலூரில் பில் போடுகிறவர் நிற்காமல் வேலை செய்ய வேண்டும். பிறகு இரண்டாவதையும் பிடுங்குங்கள், சிம் பிடிக்க வேண்டும். பிறகு மெயின் சுவிட்சை அணையுங்கள். வெளியிலிருந்து 0413 எண்ணுக்கு அழைத்தால் ஆபீஸ் ஃபோன் அடிக்க வேண்டும், யூபிஎஸ் தீர்ந்த பிறகு அழைத்தால் உங்கள் மொபைல் அடிக்க வேண்டும். இதை அக்டோபருக்குள், மழை தொடங்கும் முன் முடித்துவிடுங்கள்.